ஏழாம் வகுப்பு அடர்த்தி: சூத்திரம் ஒப்பிக்கிறார்கள், கல்லைக் கொடுத்தால் விழிக்கிறார்கள்

மத்தூர் டீச்சர்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் முதல் பருவத்தின் முதல் பாடமே அளவீட்டியல். அதில் அடர்த்தி வருகிறது.

"அடர்த்தி சமம் நிறை வகுத்தல் பருமன்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டு எண்ணைக் கொடுத்தால் வகுத்தும் விடுவார்கள். ஆனால் "ஒரு டம்ளர் கடலெண்ணெய், ஒரு டின் கடலெண்ணெய், எதற்கு அடர்த்தி அதிகம்?" என்று கேட்டால் பாதிக்கு மேல் டின் என்கிறார்கள். ஏன் என்றால், "அதுதானே டீச்சர் வெயிட்டா இருக்கு."

அடுத்த தொல்லை அலகு. ஒரு கன மீட்டரில் எத்தனை கன சென்டிமீட்டர்? வகுப்பே ஒரே குரலில் "நூறு!"

என்னிடம் இருப்பது ஒரு 100 மில்லி பிளாஸ்டிக் மெசரிங் ஜார். பழைய இயற்பியல் தராசு ஒன்றும் உண்டு, எடைக்கற்கள் பாதி இல்லை. சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று என் காசில் வாங்கிவிடலாம். மூன்று நான்கு பாடவேளைக்கு மேல் இந்தப் பாடத்தில் நிற்க முடியாது. எங்கே ஆரம்பிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

அரூர் கணக்கு

டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு அடர்த்தி பிரச்சினையே இல்லை, கணக்குதான் பிரச்சினை. நூறு என்று சொன்னவன் நீளத்தையும் கன அளவையும் குழப்பிக்கொள்கிறான். அதைச் சரிசெய்யாமல் கல்லைத் தண்ணீரில் போட்டு என்ன பயன்? முதலில் அலகு மாற்றக் கணக்கு ஐம்பது போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கும் அதுதான் உதவும். சோதனையெல்லாம் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

---

பென்னாகரம் பி.எட்.

மேடம், கற்பித்தல் பயிற்சியில் நாங்கள் அடர்த்திக் கோபுரம் செய்தோம். தேன், பாத்திரம் தேய்க்கும் திரவம், வண்ணத் தண்ணீர், எண்ணெய், மண்ணெண்ணெய் என்று அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள். அரசின் வானவில் மன்றத் திட்டத்தில் பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் சோதனை செய்துகாட்டும் கருத்தாளர்கள் உங்கள் பள்ளிக்கு வந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். 2022-ல் அந்தத் திட்டம் வந்த பிறகு ஆறு முதல் எட்டு வரை இந்த மாதிரிச் சோதனைகளுக்குக் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது.

---

பழைய சுண்ணக்கட்டி

தர்மபுரி பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

தம்பி, கோபுரம் பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்கள்? "டீச்சர் கலர் தண்ணி காட்டினாங்க." எந்த அடுக்கையும் யாரும் எடை போடவில்லை, ஒரு எண் கூடக் கையால் எடுக்கவில்லை. கோபுரம் பாடம் முடிந்த பிறகு காட்ட வேண்டியது. அப்போது "தேன் ஏன் அடியில்?" என்று கேட்டால் அவர்களே எண்ணோடு பதில் சொல்வார்கள்.

அரூர் சாருக்கு: அலகு மாற்றம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எதை அளக்கிறோம் என்று தெரியாதவனுக்கு ஐம்பது கணக்கு கொடுத்தால் புள்ளியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை மட்டும் கற்றுக்கொள்வான்.

நான் ஆரம்பித்த இடம் "ஒரே இடம், வேறு வேறு எடை." ஒரே மாதிரி நான்கு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் பொரி. எடை போடுவதற்கு முன் பிள்ளைகளை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், கையில் தூக்கிப் பார்க்கலாம். எண்ணெயையும் தண்ணீரையும் மாற்றிச் சொல்லுவார்கள், ஏனென்றால் எண்ணெய் கொழகொழவென்று இருப்பதால் கனமானது என்று நினைப்பு. தராசில் வைத்தால் 100 மில்லி தண்ணீர் 100 கிராம், 100 மில்லி தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 92 கிராம். அங்கேயே ஒரு சலசலப்பு வரும். கொழகொழப்பு வேறு, அடர்த்தி வேறு என்பதை அந்தச் சலசலப்பின் போது சொன்னால் பதியும்.

அப்புறம் ஒரு வேலை வீட்டுக்குக் கொடுங்கள். எண்ணெய் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவரச் சொல்லுங்கள். 1 லிட்டர் என்று போட்டுப் பக்கத்திலேயே 910 கிராம் என்பதுபோல் ஓர் எடையும் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி. கடைக்காரருக்கே தெரியாத விஷயத்தைத் தான் கண்டுபிடித்ததாக ஒரு பெருமை வரும், வரட்டும்.

டம்ளரா டின்னா என்ற கேள்விக்கு: அதே எண்ணெயை 50 மில்லி, 100 மில்லி, 200 மில்லி என்று எடுத்து எடை போட்டு, ஒவ்வொன்றிலும் 1 மில்லிக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். மூன்றுக்கும் ஒரே விடை வரும்போது அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும். அப்போது எழுதுங்கள்.

---

மத்தூர் டீச்சர்

நன்றி ஐயா. பொரியையும் கேழ்வரகையும் எண்ணெயோடு சேர்த்து வைக்கலாமா? இடையில் காற்று இருக்கிறதே. "கேழ்வரகின் அடர்த்தி" என்று ஒரு எண்ணை எழுதிவிட்டால் பின்னால் சிக்கல் வராதா?

---

பழைய சுண்ணக்கட்டி

வரும். வரட்டும் என்றுதான் வைத்தேன். டம்ளர் நிறைய ஜல்லி போட்டு, அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். நிறைந்த டம்ளர் என்று நினைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே தண்ணீர் உள்ளே போகும். பொட்டலத்தின் அடர்த்தி வேறு, பொருளின் அடர்த்தி வேறு என்று அப்போது பிரித்துக் காட்டலாம்.

---

கருங்கல் தம்பி

உள்ளே வரலாமா? பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இப்போது பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் செய்யும் இடத்தில் வேலை. ஐயா ஜல்லி என்றதும் கை அரித்தது.

எங்கள் பக்கம் ஜல்லி யூனிட் கணக்கில்தான் போகும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கெட்டிக் கல்லாக இருந்தால் அது ஏழரை டன்னுக்கு மேல் வர வேண்டும். ஆனால் லாரியில் ஏற்றிய ஒரு யூனிட் ஜல்லி நான்கு, நான்கரை டன் சுமாருக்குத்தான் நிற்கும். மிச்சம் காற்று. எடைமேடைச் சீட்டு ஒன்று வகுப்புக்குக் கொண்டுபோனால் அதுவே ஒரு கணக்கு.

டீச்சர், உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லை விட்டுவிட்டு எண்ணெயோடு நிற்பதா? கிரானைட் துண்டுகள் கழிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. இளஞ்சிவப்புப் பல்வண்ணக் கல் ஒரு ரகம், கறுப்பு ஒரு ரகம். முதலாவது 2.7 கி/செ.மீ³ (கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம்) ஒட்டி வரும். கறுப்பு 3-ஐ ஒட்டி வரும். கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அளந்தால் தெரியும். அதுதானே வேண்டும்?

மெசரிங் ஜாரில் கல் போட்டு நீர்மட்டம் உயர்வதைப் பார்க்கும் முறை புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் ஜார் வாய்க்குள் போகிற அளவுக் கல் என்றால் 5 மில்லி, 8 மில்லிதான் இருக்கும். ஒரு மில்லி தப்பாகப் படித்தாலே 5-க்கு 1, இருபது விழுக்காடு பிசகு. அதில் 2.7-க்கும் 3-க்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

ஜாரே வேண்டாம். தராசு மட்டும் போதும். இப்படிச் செய்யுங்கள்.

தராசின் மேல் ஒரு பாத்திரம், அதில் முக்கால் அளவு தண்ணீர். பொத்தானை அழுத்திச் சுழியம் ஆக்குங்கள். உள்ளங்கை அளவுக் கல்லை நூலில் கட்டி, முழுக்கத் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, நூலைக் கையில் பிடித்தபடி இருக்க வேண்டும். தராசு ஒரு எண் காட்டும், உதாரணத்துக்கு 96. கல்லின் பருமன் 96 கன சென்டிமீட்டர். இப்போது நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் உட்கார விடுங்கள். எண் 259 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கல்லின் நிறை. 259-ஐ 96-ஆல் வகுத்தால் 2.70. ஒரே பாத்திரம், இரண்டு எண், வேலை முடிந்தது.

---

அரூர் கணக்கு

தம்பி, ஒரு நிமிடம். கல்லைப் பிடித்திருப்பது நூல், நூலைப் பிடித்திருப்பது கை. அப்படியிருக்க தராசுக்கு எங்கிருந்து எடை வந்தது? கை தாங்கும் கல்லுக்குத் தராசு ஏன் காசு கொடுக்கிறது?

---

கருங்கல் தம்பி

கேட்க வேண்டிய கேள்விதான் சார். கல்லை எடுத்துவிட்டு உங்கள் விரலை விடுங்கள். பாத்திரத்தைத் தொடாமல், தண்ணீருக்குள் மட்டும். எண் ஏறும். இரண்டாவது கணு வரை விட்டால் இன்னும் ஏறும். விரலைக் கை தாங்குகிறது, ஆனாலும் ஏறும்.

தண்ணீர் தனக்குள் வந்த பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. எவ்வளவு தண்ணீரை அது ஒதுக்கியதோ அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசை, ஆர்க்கிமிடிஸ் சொன்னது. தண்ணீர் கல்லை மேலே தள்ளினால் கல் தண்ணீரை அதே அளவு கீழே தள்ளுகிறது. அந்தக் கீழ்த்தள்ளலைத்தான் தராசு காட்டுகிறது. கல்லின் மொத்த எடையில் 96 கிராம் அளவைத் தண்ணீரும், மிச்சம் 163-ஐ நூலும் தாங்குகின்றன. ஒதுங்கியது 96 கிராம் தண்ணீர், தண்ணீரில் 1 கிராம் 1 மில்லி. அதனால் கிராமே மில்லி. உப்புத் தண்ணீரில் செய்தால் இந்தச் சுகம் போய்விடும்.

ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. விரலைவிட்டு எண் ஏறுவதை ஒவ்வொருவரும் பார்த்தால் போதும்.

---

அரூர் கணக்கு

விரல் விட்டுப் பார்த்தேன். வீட்டில் என் பெண்ணும் விட்டாள். ஒத்துக்கொள்கிறேன்.

---

பால்சங்கம்

பாலக்கோடு பக்கம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதிக்கிறவன். இந்த இழையை மகன் காட்டினான். நாங்கள் தினமும் காலையும் மாலையும் அடர்த்திதான் பார்க்கிறோம்.

பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி லேக்டோமீட்டர். அது 28 காட்டினால் பாலின் அடர்த்தி 1.028. மாட்டுப் பால் பெரும்பாலும் 26-க்கும் 32-க்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் கலந்தால் கருவி இன்னும் கீழே இறங்கும், எண் குறையும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் 28 இருந்தது 25 ஆகிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. மேலே மிதக்கும் ஆடையை வழித்தெடுத்தால் மிச்சப் பாலின் அடர்த்தி கூடும், எண் ஏறும். அதில் அளவாகத் தண்ணீரை ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். கருவியைப் பார்த்தால் நல்ல பால். அதனால்தான் கொழுப்பு தனியாகவும், கொழுப்பற்ற திடப்பொருள் தனியாகவும் பார்த்துக் காசு போடுகிறோம். பிள்ளைகளுக்கு இதைப் புதிராகக் கொடுங்கள். "ஆடை எடுத்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, லேக்டோமீட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?" எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது, விடையோடு வருவார்கள்.

கறந்த சூட்டோடு அளக்க வேண்டாம். சூட்டில் எண் குறைவாகக் காட்டும், நல்ல பாலுக்குக் கெட்ட பேர் வரும்.

---

பழைய சுண்ணக்கட்டி

பால்சங்கத்துக்கு ஒரு வணக்கம். சூடு பற்றிச் சொன்னது எண்ணெய்க்கும் பொருந்தும். 2022-ல் எண்ணெய் பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு சொன்னது இதனால்தான். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் ஏறக்குறைய 919 கிராம், 60 டிகிரியில் 892 கிராம்தான். "60 டிகிரியில் 1 லிட்டர்" என்று சின்ன எழுத்தில் போட்டால் வாங்குகிறவருக்கு எடை குறையும். எட்டாம் வகுப்புக்கு நல்ல விவாதம் இது.

---

மத்தூர் டீச்சர்

டம்ளர் முறையில் ஆரம்பித்து, அடுத்த வகுப்பில் நூலில் கட்டிய கல் செய்தோம். கல் துண்டுகளைக் கழுவி, கூர்முனை உள்ளவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் கொடுத்தேன். (வேறு யாராவது செய்வதானால், பிள்ளைகளைக் கல் பொறுக்க அனுப்ப வேண்டாம். பாலிஷ் செய்யும் இடத்தில் கேட்டு நீங்களே வாங்கிவாருங்கள். விளிம்பு கண்ணாடி மாதிரி கிழிக்கும்.)

விரலை விட்டு எண்ணை ஏற்றுவதிலேயே கொஞ்ச நேரம் போனது. யார் விரல் பெரியது என்று போட்டியாகிவிட்டது. தடுக்கவில்லை, எப்படியும் பருமனைத்தானே அளக்கிறார்கள்!

ஒரு குழுவுக்கு மட்டும் சிவப்புக் கல்லுக்கு 2.1 வந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் 2.6, 2.7. அந்தக் குழு கல்லை மாற்றிக் கேட்டது. மாற்றாமல் திரும்பச் செய்யச் சொன்னேன். பக்கத்தில் குனிந்து பார்த்தால் கல்லின் ஒரு முனை பாத்திரத்தின் சரிவில் லேசாக உட்கார்ந்திருந்தது. நூல் விறைப்பாகத்தான் இருந்தது, அதனால் மேலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியவில்லை. கல்லின் எடையில் கொஞ்சம் பாத்திரத்தில் இறங்கியதால் பருமன் கூடக் காட்டி, அடர்த்தி குறைந்துவிட்டது. அரை அங்குலம் தூக்கியதும் எண் மடமடவென்று இறங்கி நின்றது. இன்னொரு கல்லில் வெட்டுத் தடத்தில் காற்றுக் குமிழி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது, நூலைச் சுண்டிவிட்டதும் போனது.

அதன் பிறகு எல்லாக் குழுவின் எண்களையும் ஒரே வரைபடத்தாளில் குறித்தோம். கீழே பருமன், பக்கத்தில் நிறை. சின்னக் கல், பெரிய கல் எல்லாம் சேர்ந்து சிவப்புக்கு ஒரு கோடு, கறுப்புக்கு அதைவிடச் செங்குத்தாக ஒரு கோடு. "டின்னா டம்ளரா" என்று மறுபடி கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "ரெண்டும் ஒரே கோட்டுல தான் டீச்சர் இருக்கும், டின் மேல இருக்கும் அவ்வளவுதான்" என்றான்.

அலகு மாற்றம் இன்னும் நூறிலேயே நிற்கிறது. அரூர் சார், உங்கள் முறை.

---

அரூர் கணக்கு

ஐம்பது கணக்கை வாபஸ் வாங்கவில்லை, பின்னால் தள்ளுகிறேன்.

ஒரு மீட்டர் நீளத்தில் பன்னிரண்டு மூங்கில் தப்பை வெட்டுங்கள். மூலையில் சைக்கிள் டியூப் துண்டால் கட்டினால் ஒரு கன மீட்டர் நிற்கும். பிள்ளைகள் அதற்குள் உட்காரட்டும். பிறகு தரையில், ஒரு மீட்டர் சதுரத்தின் ஓர் ஓரத்தில் 1 செ.மீ. கனசதுரம் எத்தனை வைக்கலாம்? நூறு. இங்கேதான் அவர்களுடைய "நூறு" இருக்கிறது, அது ஒரு வரிசைக்கு மட்டும். இப்படி நூறு வரிசை, ஒரு தளம் பத்தாயிரம். தளத்தின் மேல் தளமாக நூறு தளம், பத்து லட்சம். வாயால் சொல்ல வேண்டாம், கையால் காற்றில் அடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மொட்டை மாடியைக் காட்டுங்கள். 1000 லிட்டர் கறுப்புத் தொட்டி இருக்குமல்லவா? அது நிறைந்தால் ஒரு கன மீட்டர் தண்ணீர், 1000 கிலோ, ஒரு டன். அதனால்தான் 1 கி/செ.மீ³ என்பதும் 1000 கி.கி/மீ³ என்பதும் ஒன்று. அதே தொட்டி அளவுக்குக் கிரானைட் என்றால் 2.7 டன். தொட்டியை வைத்துச் சொன்ன பிறகு ஆயிரத்தால் பெருக்க மறந்தவனைப் பார்த்ததில்லை.

செய்தித்தாளில் ஒகேனக்கல் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று வருகிறதே, அதையும் மாற்றச் சொல்லலாம். ஒரு கன அடி 28.3 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் விநாடிக்கு 2,83,000 லிட்டர், நம் தொட்டிக் கணக்கில் 283 தொட்டி. ஒவ்வொரு விநாடியும் 283 டன்.

---

பென்னாகரம் பி.எட்.

ஒகேனக்கல் என்றதும் பரிசல் நினைவுக்கு வந்தது சார். குறுக்களவு சுமார் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அடியைத் தட்டையாக எடுத்துக்கொண்டால், 10 செ.மீ. தண்ணீரில் இறங்கும்போது 3.14 × 1 × 1 × 0.1, அதாவது 0.314 கன மீட்டர் தண்ணீர் ஒதுங்கும். 314 கிலோ. பரிசலின் எடையும் சேர்த்துச் சுமார் நான்கு பேரைத் தாங்க அந்தப் பத்து சென்டிமீட்டர் போதும் போலிருக்கிறதே! நிஜத்தில் அடி வளைவாக இருப்பதால் கொஞ்சம் கூட இறங்கும். "கனமான பொருள் மூழ்கும்" என்று சொல்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு நல்ல பதில்.

கோபுரத்தை விட்டுவிட்டேன் ஐயா. பனிக்கட்டியை எண்ணெயில் போடும் சோதனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? இரண்டும் 0.92-ஐ ஒட்டி இருப்பதால் கட்டி மிதப்பதா மூழ்குவதா என்று தெரியாமல் நிற்கிறது, உருகும் துளி மட்டும் உருண்டையாகக் கழன்று அடிக்குப் போகிறது.

---

பழைய சுண்ணக்கட்டி

பேஷாக வைத்துக்கொள்ளுங்கள். அது எண்ணோடு பேசுகிற சோதனை.

மெட்ரிக் அலகு பற்றி ஒன்று. 1956-ல் சட்டம், 1958 அக்டோபரிலிருந்து எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன, 1962 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனாலும் நம் வீட்டில் நிலம் சென்ட், பூ முழம், தங்கம் சவரன், ஜல்லி யூனிட், அணை கன அடி. பிள்ளை புத்தகத்தில் ஒன்று படித்து வீட்டில் வேறு கேட்கிறான். பழையதைக் கேலி செய்யாமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதவையுங்கள். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்று தன் வீட்டு நிலத்தை மாற்றிப் பார்ப்பவனுக்குச் சதுர மீட்டர் பிடிபடும்.

மில்லிகிராமுக்கு நம் மாவட்டங்களிலேயே உதாரணம் இருக்கிறது. ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு, 1-க்குள் இருப்பதே விரும்பத்தக்கது. அரூர் சாரின் தொட்டி நிறைய 1.5 அளவுத் தண்ணீர் இருந்தால் அதில் மொத்த ஃபுளோரைடு ஒன்றரை கிராம். ஒரு டன் தண்ணீரில் ஒரு சிட்டிகை! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்கு வந்ததே இந்தச் சிட்டிகைக்காகத்தான். ஒரு எச்சரிக்கை: ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். யாரையும் எழுப்பிக் காட்டாதீர்கள். எண்ணோடு நிறுத்துங்கள்.

---

சந்தூர் தோப்பு

மாந்தோப்பு வைத்திருக்கிறேன், என் மகள் ஏழாவது. அடர்த்திக்குக் கல்லும் பாலும் வந்துவிட்டது, மாங்காய் வரவில்லையே? முற்றிய காய் தண்ணீரில் மூழ்கும், முற்றாதது மிதக்கும். பறித்ததைத் தொட்டியில் போட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஜூன் மாதம் இந்தப் பாடம், ஜூனில்தான் பெங்களூரா ரக மாங்காயும் இறங்குகிறது. பள்ளிக்கு ஒரு கூடை அனுப்புகிறேன். ஆனால் மூழ்குவதற்கும் மிதப்பதற்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று மகள் கேட்கிறாள். மிதக்கிற காயை நூலில் கட்டி எப்படி அளப்பது?

---

கருங்கல் தம்பி

அண்ணா, மிதப்பதற்கு நூல் ஆகாது. நீளமான ஊசியால் மேலிருந்து மெதுவாக அழுத்தி, காய் முழுக்க அமிழும் வரை இறக்குங்கள். விரல் தண்ணீரில் படக்கூடாது. அப்போது தராசு காட்டுவது பருமன். நிறையைத் தனியே, காயைத் துடைத்துவிட்டு எடை போட்டுக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் ரொம்பச் சின்னது. முற்றிய காய் 1.01, 1.02 என்று வரும், பிஞ்சு ஒன்றுக்குக் கீழே. 300 கிராம் காயில் மூன்று நான்கு மில்லிதான் தீர்ப்பு சொல்லும். ஆகவே பெரிய காயாக எடுங்கள், காம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள், பால் வடிந்த பிறகு அளங்கள். உருளைக்கிழங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். அது தண்ணீரில் மூழ்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எழும்பும். அதைப் பாதியாக வெட்டி இரண்டு பாதியையும் அளந்தால் டீச்சரின் டின், டம்ளர் கேள்வி மறுபடி வரும்.

---

மத்தூர் டீச்சர்

கூடை வந்து சேர்ந்தது, நன்றி அண்ணா. அளந்த பிறகு காய்கள் என்ன ஆகும் என்று யாரும் கேட்காதீர்கள், உப்பும் மிளகாய்த்தூளும் வகுப்பில் தயாராக இருக்கிறது.

ஒரு சந்தேகம். செங்கல் துண்டு ஒன்றை ஒருத்தி கொண்டுவந்தாள். நூலில் தொங்கவிட்டால் எண் நிற்கவே இல்லை, குமிழி விட்டுக்கொண்டு மெதுவாகக் குறைந்துகொண்டே போகிறது. எந்த எண்ணை எழுதச் சொல்வது?

---

கருங்கல் தம்பி

செங்கல் தண்ணீர் குடிக்கிறது டீச்சர். துளைக்குள் போன தண்ணீர் ஒதுங்கிய கணக்கில் வராது, அதனால்தான் எண் இறங்குகிறது. முதலில் காய்ந்த துண்டை எடை போடுங்கள். பிறகு ஓர் இரவு ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுத் தொங்கவிட்டால் எண் நிற்கும். காய்ந்த நிறையை அந்தப் பருமனால் வகுத்தால் துளைகளும் சேர்ந்த செங்கல்லின் அடர்த்தி. காய்ந்த நிறைக்கும் ஊறிய நிறைக்கும் உள்ள வித்தியாசம் அது குடித்த தண்ணீர், ஐயா சொன்ன ஜல்லி டம்ளர் கணக்கேதான்.

தராசின் மேல் ஒரு பாலிதீன் உறை போட்டுவிடுங்கள். செங்கல் நாளன்று தண்ணீர் நிச்சயம் சிந்தும்.